ஆனந்தபூரில் கட்கா விழா

வடநாடெங்கும் ஹோலி வண்ணங்கள் ஓய்ந்த மறுநாள், பஞ்சாபின் ஆனந்தபூர் சாகிபில் சீக்கிய மக்கள் ஹோலா மொஹல்லா என்னும் விழாவைக் கொண்டாடுகின்றனர். 1699-இல் இவ்வூரிலே கால்சா அமைப்பை நிறுவிய குரு கோவிந்த் சிங், 1701-இல் இவ்விழாவைத் தொடங்கினார். வேடிக்கைக்குரிய காலத்தைப் போர்ப்பயிற்சிக் காலமாக்கினார் அவர். அன்று அணிகளாகப் பிரிந்து பொய்ப்போர் புரிந்தனர்.

இன்றும் நீல உடை தரித்த நிஹாங் வீரர்கள் இரு குதிரைகள்மீது நின்றவாறே விரைவது காண்போரை மலைக்கச் செய்யும். களத்தைவிட்டு வருவோர் லங்கரில் யாவரோடும் ஒரே வரிசையில் தரையிலமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்பர். எனினும் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது கட்காவையே. ஒரு கையில் மரக்கோல். மறு கையில் சிறு கேடயம். வாட்பயிற்சிக்கென அமைந்த இக்கோல் நம் சிலம்பக் கம்பினும் மிகக் குறுகியது. பைந்த்ரா எனப்படும் அடிவைப்பே இக்கலையின் உயிர். கால் பிசகினால், கை எத்துணை விரைந்தும் பயனில்லை.

1849-இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றியபின் படைக்கலங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. வாள் ஒடுங்கிய அந்நாளில் கோலே கலையைக் காத்தது எனலாம்.

இன்றைய சோதனை வேறு. 2023-இல் கோவாவில் நிகழ்ந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் கட்காவும் இடம்பெற்றது. இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் வழி திறந்தது நன்றே. ஆயினும் மோதலில் உடலைத் தொட்ட அடிக்கே மதிப்பெண். விழாவிலோ சுழற்சியின் அழகுக்கே கைதட்டல். இவ்விரண்டுக்கும் இடையே, தன்னையும் அயலானையும் காக்கக் கற்பிக்கும் பொறுமையான பயிற்சி மெலிந்துவிடுமோ என்னும் ஐயம் எமக்கு உண்டு.