ஆன்மா என்னும் தண்டனை: ‘ஏஞ்சல்’ தொடரில் குற்றவாளி துப்பறிவாளனாதல்

குற்றவாளி திருந்தித் துப்பறிவாளனாவது புனைவுலகில் அறிமுகமான போக்கு. ‘ஏஞ்சல்’ (1999–2004) என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதிலிருந்து விலகுகிறது. நூறாண்டுக்கும் மேலாகக் கொலைகள் புரிந்த இரத்தக்காட்டேரி ஏஞ்சலஸ் தானாகத் திருந்தவில்லை. ரோமானி இளம்பெண்ணொருத்தியைக் கொன்றதற்காக அவள் இனத்தார் 1898இல் சாபமிட்டு அவனுக்கு ஆன்மாவை மீட்டளிக்கின்றனர், குற்றவுணர்வே தண்டனையாகிறது. முழுமையான மகிழ்ச்சியை ஒருகணம் எய்தினாலும் அவ்வான்மா நீங்கிவிடும்.

எனவே அவனது மனச்சான்று பிறரால் சுமத்தப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் துப்பறியும் நிறுவனம் நடத்தி ஆதரவற்றோரைக் காக்கும் பணியோ அவனே விரும்பி ஏற்றது. இறுதிப் பருவத்தில் தீய சட்ட நிறுவனமொன்றின் கிளைக்குத் தலைமையேற்கிறான். மீண்டும் மனிதனாகலாம் என்னும் முன்னறிவிப்பின் பயனையும், பகைவரின் நம்பிக்கையைப் பெறக் கையெழுத்திட்டுத் துறக்கிறான். ஆகவே, இவனது மீட்சியை அளக்கத்தக்க அளவுகோல், பயன் கருதாது அவன் ஆற்றும் செயலே எனலாம்.