மீனுக்கு இரங்கும் தூண்டில்

முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்கும் காவிரியும் கொள்ளிடமும், கொள்ளிடத்துக்கு வடக்கே மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை வட்டாரத்து வாய்க்கால்களும் ஏரி குளங்களும் தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போடுவோருக்குப் பழகிய நீர்நிலைகள். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், ஒரு மண்புழு என்ற அளவில் அமைந்த அந்தத் தூண்டிலின் நோக்கம் பெரும்பாலும் வீட்டுக் குழம்புக்கு மீன் என்பதே. அண்மைக் காலத்தில் அதனோடு வேறொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் பொருத்திய கம்பையும், தவளை போலவும் சிறுமீன் போலவும் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்யப்பட்டு ‘லூர்’ என்று வழங்கும் பொய்யிரையையும் கொண்டு, விராலையும் வாளையையும் பிடித்துப் பார்த்துவிட்டு மீண்டும் நீரிலேயே விட்டுவிடும் பொழுதுபோக்கு அது.

பிடித்த மீனை விட்டுவிடுவது நல்ல செயல் என்பதில் பலருக்கும் ஐயமில்லை. ஆனால் நீந்தி மறைந்த மீன் பிழைத்ததா என்பது கரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை; காயத்தாலோ களைப்பாலோ சில மணி நேரம் கழித்து அது ஆழத்தில் மடிந்திருக்கவும் கூடும். மீனின் பிழைப்பை நிர்ணயிப்பவற்றுள் பெரும்பங்கு, அது இரையைக் கவ்வுவதற்கு முன்பே, எந்த முள், எத்தனை முள், எந்த நரம்பு என்று தூண்டில்காரர் தேர்ந்துகொள்ளும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே மீனின் மீது இரக்கம் உள்ளவர் முதலில் திருத்த வேண்டியது தம் தூண்டிலைத்தான்.

காவிரி தந்த பாடம்

தூண்டில் மீன்பிடிப்பை ஒரு விளையாட்டாகக் கொள்ளும் வழக்கம் தென்னாட்டுக்குப் புதிதன்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல் மீன்வகைகளையும், அவற்றுக்கு இரையிட்டுப் பழக்கித் தூண்டிலில் பிடிக்கும் முறையையும் அரச பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விவரிக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு பெரிய நூலையும், பின்னர் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியே மற்றொரு நூலையும் எழுதினார்.

அக்காலத்து வேட்டைக்காரர்கள் காவிரியில் தேடிச் சென்றது மகசீர் என்னும் பெருங்கெண்டையை. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுடையது. பின்னாளில், கர்நாடகக் காவிரிக் கரையின் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்கலி முகாம்களில், பிடித்த மீனை எடைபார்த்துக் குறித்துக்கொண்டு மீண்டும் ஆற்றில் விடும் முறை வேரூன்றியது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் அது 2012-ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று.

முகாம்களில் எழுதிவைத்த அந்தக் குறிப்புகள் பின்னர் அறிவியலுக்குப் பெரிதும் பயன்பட்டன. 1998 முதல் 2012 வரையிலான காலிபோரே பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகிவந்ததும், காவிரிக்கே உரிய திமில் மகசீர் சரிந்துவந்ததும், அகப்பட்ட திமில் மகசீர்களில் இளமீன்கள் அரிதாகிவிட்டதும் தெரியவந்தன. தனக்கென உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லாதிருந்த அந்த மீன், கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு முன்பே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவி’ இனமே என்று 2018-இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அற்றுப்போகும் தறுவாயிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பாம்பாறு அமராவதியிலும், அமராவதி கரூருக்கு அருகே காவிரியிலும் கலக்கின்றன. அம்மீன் இன்றும் எஞ்சியுள்ள மோயாறு பவானியின் வழியாகக் காவிரியை அடைகிறது. திருச்சிக்கு வந்துசேரும் நீரோடு தொடர்புடைய ஒரு மீனின் கதை இது.

விட்ட மீன் ஏன் சாகிறது?

2005-இல் பார்தலோமியூ, போன்சாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பிடித்து விடப்பட்ட மீன்களின் இறப்பைப் பற்றிய 53 ஆய்வுகளிலிருந்து 274 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரி இறப்பு 18 விழுக்காடாக இருந்தது. சில மதிப்பீடுகளில் ஒரு மீனும் சாகவில்லை. சிலவற்றில் ஏறக்குறைய எல்லாமே செத்தன. இந்தப் பெரிய வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் முள் தைக்கும் இடம். உதட்டில் தைத்த முள் சிறு புண்ணோடு போய்விடும். தொண்டையிலும் செவுளிலும் தைத்த முள் இரத்தக் குழாய்களைக் கிழித்துவிடும்.

இரண்டாவது காரணம் களைப்பு. நெடுநேரம் இழுபடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து இரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. மூன்றாவது காரணம் காற்று. நீரில் விரிந்து நிற்கும் செவுள் இழைகள் வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், மீன் மூச்சு வாங்க முடியாமல் திணறுகிறது. கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், களைக்க ஓடவிட்ட வானவில் டிரவுட் மீன்களுள் நீரிலேயே வைத்திருந்தவற்றில் 12 விழுக்காடும், 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடும், ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 விழுக்காடும் 12 மணி நேரத்துக்குள் இறந்தன. ஒரு புகைப்படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் அரை நிமிடம் எத்தகையது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

எல்லா மீனும் டிரவுட்டைப் போல மென்மையானதன்று. காவிரியிலேயே நீலத்துடுப்பு மகசீரை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு மீனும் இறக்கவில்லை. 91 விழுக்காடு மீன்களுக்கு வாயிலேயே முள் தைத்திருந்தது. ஆயினும் இழுபறி நீண்டபோதும் காற்றில் வைத்திருந்த நேரம் கூடியபோதும் மீன்களின் உடல் நிலை குலைந்தது. பெரிய மீன்களே மிகுதியாகக் களைத்தன. முட்டை மிகுதியாக இடுபவையும் பெரிய மீன்களே என்பதால், அவற்றின் களைப்பை எளிதாகக் கருதிவிட முடியாது.

முள்ளில் செய்யும் திருத்தங்கள்

கடையில் வாங்கும் சிறுமீன் வடிவப் பொய்யிரைகளில் பெரும்பாலும் வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முட்கள் தொங்கும். மும்முள் என்பது ஒரே தண்டிலிருந்து மூன்று கொக்கிகள் விரிவது. ஆக, ஒரு மீனை ஆறு கூர்முனைகள் எதிர்கொள்கின்றன. ஒரு முனை உதட்டைப் பற்ற, மீன் துள்ளும்போது மற்றொன்று கண்ணிலோ செவுள் மூடியிலோ ஏறிவிடுகிறது. கழற்ற முனைபவரின் விரலும் தப்புவதில்லை. ஆகவே முதல் திருத்தம், மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளைப் பொருத்துவது. பொய்யிரையையும் முள்ளையும் இணைக்கும் சிறு சுருள் வளையத்தை மூக்குக் குறட்டால் விரித்தால் பழைய முள் எளிதில் வெளிவரும். புதிய முள்ளின் கண், அதன் வளைவு அமைந்த தளத்திலேயே இருக்க வேண்டும்; சாதாரண முள்ளின் கண் குறுக்கே திரும்பியிருப்பதால் வளையத்தில் மாட்டும்போது முள் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். எடையையும் கவனிக்க வேண்டும்: மும்முள்ளைவிட மிக இலேசான ஒற்றை முள்ளைப் போட்டால் பொய்யிரையின் சமநிலை மாறி, அது நீந்தும் ஆட்டமே கெட்டுவிடும். ஆதலால் சற்றுப் பெரிய முள்ளைத் தேர்ந்து, தெளிந்த ஆழமற்ற நீரில் இழுத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

இரண்டாவது திருத்தம் எதிர்முள்ளை நசுக்குவது. கூர்முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சீவிவிடப்பட்டிருக்கும் சிறு செதிளை இங்கு எதிர்முள் என்கிறோம். தைத்த முள் வழுவாமல் பிடித்திருப்பதும், கழற்றும்போது சதையைக் கிழிப்பதும் அதுவே. அதனைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கியபின் ஒரு பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் சிக்காமல் முள் வெளிவந்தால் வேலை முடிந்தது. நரம்பைத் தொய்ய விடாமல் இழுத்துவருபவருக்கு எதிர்முள் இல்லாததால் மீன் தவறுவது குறைவு; தவறிப்போனாலும், விடப்போகிற மீன் தானே போயிற்று என்பதற்கு மேல் இழப்பில்லை.

புழுவும் மாவுருண்டையும் வைத்துப் பிடிப்பவருக்கு உரியது வட்ட முள். இதன் கூர்முனை தண்டை நோக்கி உள்வளைந்திருப்பதால், விழுங்கப்பட்டாலும் பெரும்பாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கிவந்து வாயோரத்தில் மாட்டுகிறது. கம்பை வெடுக்கென்று சுண்டாமல் நரம்பை மெல்ல இறுக்குவதே இதற்குரிய பழக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் வரிப்பாஸ் மீனை இயற்கை இரை வைத்துப் பிடிக்கும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு 2021 முதல் வட்ட முள் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

முள்ளுக்கு அப்பாலும் திருத்தம் உண்டு. மெல்லிய நரம்பு இழுபறியை நீட்டும். மீனின் எடைக்குத் தக்க வலுவான நரம்பு அதை விரைவில் கரைசேர்க்கும். முடிச்சுள்ள நைலான் வலை செதிளையும், தோலின்மேல் நோயைத் தடுக்கும் வழுவழுப்புப் படலத்தையும் உரித்துவிடும். ரப்பர் பூசிய முடிச்சற்ற கைவலை அவ்வாறு செய்யாது. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலிருந்து எடுக்காமலே முள்ளைக் கழற்றுவது எல்லாவற்றிலும் சிறந்தது. முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் தோண்டி எடுக்க முனையாமல் நரம்பை அருகில் அறுத்துவிட வேண்டும். சாதாரண எஃகு முள் நாளடைவில் துருப்பிடித்து உதிரக்கூடும் என்பதால், துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்ப்பதே முறை.

விராலும் குஞ்சுக் கூட்டமும்

ஏரி குளங்களில் பொய்யிரைக்கு முதல் இலக்கு விரால். காற்றையும் சுவாசிக்க வல்ல மீனாதலால் இது கெண்டையைவிடத் திடமானது. தவளை வடிவப் பொய்யிரையின் இரட்டை முட்கள் மேல்நோக்கி உடலோடு ஒட்டி மறைந்திருந்து, விரால் கடித்து ரப்பர் அமுங்கும்போதே வெளிப்படும். அவற்றின் எதிர்முட்களை நசுக்கிவிட்டாலே பெரும் நன்மை. ஆனால் முள்ளால் திருத்த முடியாத ஒரு தவறும் இங்கே உண்டு. தாய் தந்தை விரால்கள் முட்டையையும் குஞ்சுகளையும் காவல்காப்பவை. நீர்ப்பரப்பில் செந்நிறமாகக் கொதிக்கும் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே பொய்யிரையை எறிந்தால் காவல் மீன் சீறிப் பாயும் என்பதை அறிந்தே சிலர் அவ்வாறு எறிகின்றனர். அந்த மீனைப் பிறகு எவ்வளவு மென்மையாக விட்டாலும், அது இல்லாத சில நிமிடங்களில் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடக்கூடும். குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டிலை மடக்கிவைப்பதே அங்கு இரக்கம்.

பருவமும் கருதத்தக்கது. மேட்டூர் அணை மூடியபின் கோடையில் காவிரி மணற்பரப்பாகி, மீன்கள் எஞ்சிய மடுக்களில் ஒதுங்குகின்றன. சூடான நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைவு. மீனுக்குத் தேவையோ மிகுதி. அக்காலத்தில் நண்பகலில் பிடித்து விடப்படும் மீன் களைப்பிலிருந்து மீள்வது கடினம். மறுபுறம், எல்லா மீனையும் விட வேண்டும் என்பதும் இல்லை. நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் அகப்பட்டால், அவற்றை ஆற்றில் திரும்ப விடாதிருப்பதே ஆற்றுக்குச் செய்யும் உதவி.

எதிர்க்குரல்

உண்ணாத மீனை விளையாட்டுக்காகத் துன்புறுத்துவதே தவறு என்னும் வாதத்துக்கும் வலு உண்டு. வானவில் டிரவுட்டின் முகத்தில் தீங்குணரும் நரம்புமுனைகள் இருப்பதை லின் ஸ்னெடன் குழுவினர் 2003-இல் காட்டினர். விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. இந்தியாவில் 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுத்ததே தவிர, தூண்டில் முள்ளின் வடிவைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு தூண்டில்காரரின் மனச்சான்றிடமே இருக்கிறது.

குழம்புக்கு மீன் பிடிப்பவரும் இப்பொறுப்புக்கு அப்பாற்பட்டவர் அல்லர். முட்டையிடும் வயதை எட்டாத சிறுமீனும் சினை தாங்கிய மீனும் அவர் முள்ளிலும் சிக்குகின்றன. அவற்றை உயிருடன் திருப்பிவிட முடிந்தால்தான் அடுத்த ஆண்டும் அவருக்கு மீன் உண்டு. எதிர்முள் நசுக்கிய ஒற்றை முள்ளுக்குக் கூடுதல் செலவும் இல்லை, தனித் திறமையும் வேண்டியதில்லை. மென்மையாக விட இயலாத சூழலில், எடுத்ததை வீணாக்காமல் உண்டு, மேலும் பிடிக்காமல் நிறுத்திக்கொள்வதே நேர்மை. விடுவதாக முடிவுசெய்தவரோ, கரைக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே குறட்டை எடுத்து முட்களைத் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டவர்.