எடுக்கவும் வைக்கவும் உரிமை: சில நாடுகளின் கலை வழக்குகளும் நம் பறையும்
(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் தம் வாழ்நாளில் பறை தொடர்பாக இரண்டு முடிவுகளை எடுத்தார். இருபது வயதில், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, ‘இனி உங்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று சொல்லிப் பறையைக் கீழே வைத்தார். அவர் குடும்பத்துக்கு வயல்வேலை நின்றது, கடையில் கடன் நின்றது. நாற்பது வயதைக் கடந்த பிறகு அதே பறையை எடுத்து, சேரிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ‘அன்று வைத்தது சரியா, இன்று எடுத்தது சரியா?’ என்று நம்மில் பலர் அவரிடம் கேட்டிருக்கிறோம். சிரிப்பாரே தவிர, பதில் சொன்னதில்லை.

அந்தக் கேள்வி இன்றும் நம்மிடையே இருக்கிறது. பறை இழிவின் சின்னம், அதைத் தொடவே கூடாது என்போர் நம்மில் உண்டு. பறை நம் விடுதலையின் இசை, அதை உலகெங்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்போரும் உண்டு. இரு தரப்பினரும் நம்மவர்களே. இரண்டு நியாயங்களும் பட்ட அடியிலிருந்தே பிறந்தவை. இதே கேள்வியை வேறு நாடுகளில் வேறு மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்த்தால் நமக்குச் சற்றுத் தெளிவு கிடைக்கும். அதற்காக ஜப்பான், மேற்கு ஆப்பிரிக்கா, டிரினிடாட், கொரியா என்று ஒரு சுற்றுப் போய்வருவோம்.

செய்தவர் பெயர் உள்ளே

ஜப்பானில் தோல் பதனிடுவோர், இறந்த கால்நடைகளை அகற்றுவோர், இறைச்சி வெட்டுவோர் ஆகியோர் நூற்றாண்டுகளாகத் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கப்பட்டனர். இன்று புராக்குமின் என்று அறியப்படும் மக்களின் முன்னோர்கள் இவர்கள். புராக்கு என்றால் குடியிருப்பு. இடத்தின் பெயரே இழிவின் பெயராகும் என்பது ‘சேரி’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல.

இடைக்கால ஜப்பானில் கவரமோனோ, அதாவது ஆற்றங்கரை மக்கள், என்றொரு பிரிவினர் இருந்தனர். வரி இல்லாத ஆற்றுப்படுகைகளில் குடியிருந்தவர்கள். மண்ணைத் தோண்டுவதும் மரத்தைப் பெயர்ப்பதும் கல்லை நகர்த்துவதும் இழிவேலை என்று இவர்கள் தலையில் கட்டப்பட்டது. அந்த வேலையிலிருந்தே உலகம் வியக்கும் ஜப்பானியத் தோட்டக்கலையின் பெரும்பகுதி உருவானது. 15ஆம் நூற்றாண்டில் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவுக்குத் தோட்டங்கள் அமைத்த ஜென்னாமி இந்த மக்களில் ஒருவர். அவருடைய பேரன் மத்தாஷிரோவும் தோட்டக் கலைஞரே. அவர் பேசியதை ஜென் துறவி ஒருவர் 1489இல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கசாப்புக்காரர் குலத்தில் பிறந்ததை எண்ணி வருந்துவதாகவும், அதனால் எந்த உயிரையும் கொல்வதில்லை, பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய கலைஞர், தம் பிறப்புக்குத் தாமே மன்னிப்புக் கேட்பதுபோல் வாழ வேண்டியிருந்தது.

கியோட்டோவின் ரியோவான்ஜி கோயிலில் 15 பாறைகள் கொண்ட புகழ்பெற்ற கல்தோட்டம் இருக்கிறது. ஜென் தத்துவத்தின் உச்சம் என்று அதைப்பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பாறையின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. கொதாரோ என்பது அவற்றுள் ஒன்று. கல்லை நட்ட கவரமோனோ தொழிலாளர்களின் பெயர்களாக இவை கருதப்படுகின்றன. முன்னால் அமர்ந்து தியானிப்பவர் கண்ணுக்கு அந்தப் பெயர்கள் படாது.

மேளத்தின் கதையும் இதுவே. கோயில் விழாக்களில் முழங்கும் தைக்கோ மேளத்தைச் செய்தவர்கள் பெரும்பாலும் புராக்கு மக்கள். மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, கயிறு கட்டி இழுத்து, தோலின்மேல் ஏறி நின்று மிதித்து மிதித்துச் சுருதி கூட்டுவார்கள். செய்து முடித்ததும் மேளத்தின் உட்புறத்தில் தம் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பது வழக்கம். பழுதுபார்க்கத் தோலைப் பிரிக்கும்போதுதான் அந்தப் பெயர் வெளிச்சத்துக்கு வரும். ஆராய்ச்சியாளர்கள் புராக்கு மக்களின் வரலாற்றை இந்த உட்புற எழுத்துகளிலிருந்து மீட்டெடுத்து வருகிறார்கள்.

1871இல் சட்டப்படி இந்தப் பாகுபாடு ஒழிக்கப்பட்டது. திருமணத்திலும் வேலையிலும் அது ஒழியவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற சமன்மை இயக்கம் பிறந்தது. சைக்கோ மான்கிச்சி வரைந்த அதன் பிரகடனம் ஜப்பானின் முதல் மனித உரிமைப் பிரகடனம் என்று போற்றப்படுகிறது. நம் மகாத் போராட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

ஒசாகா நகரின் நானிவா பகுதி தலைமுறை தலைமுறையாக மேளம் செய்த புராக்கு. ஊருக்கெல்லாம் மேளம் செய்து கொடுத்த அந்தப் பகுதி இளைஞர்களுக்கு மேளம் அடிக்கத் தெரியாது. செய்வது அவர்கள் வேலை, முழக்குவது மற்றவர் பெருமை. 1987இல் அவர்கள் தமக்கென ஒரு மேளக்குழு அமைத்து, அதற்கு ‘இக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். ‘கோபம்’ என்று பொருள். இன்று அந்தப் பகுதியில் மனித உரிமையையும் மேளத்தையும் இணைத்துப் பெயரிட்ட ஒரு சாலையே உண்டு. இக்குழுவைப்பற்றி ஆவணப்படம் எடுத்த யொஷித்தாக்கா தெராதா, நம் நாகசுர மரபையும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையையும் ஆய்வு செய்தவர். தஞ்சையில் சாதியும் இசையும் பின்னியிருப்பதைப் பார்த்த கண் ஒசாகாவிலும் அதைப் பார்த்தது.

புகழ் உண்டு, புதைக்க இடமில்லை

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, செனகல், கினி நாடுகளில் குலவரலாற்றைப் பாடும் மக்களைப் பிரெஞ்சு வழியாக உலகம் ‘கிரியோ’ என்று அழைக்கிறது. மாண்டே மொழியில் அவர்கள் ஜெலி. கொல்லர், தோல்வினைஞர் ஆகியோரோடு சேர்த்து இவர்கள் ‘நியாமகலா’ எனப்படும் பிரிவினர். பிறப்பால் தொழில், தமக்குள்ளேயே திருமணம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் அடித்தளமே அகமணமுறைதான் என்று நிறுவினார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மாலிக்குப் போனாலும் அது பொருந்துகிறது.

ஆனால் வேறுபாடும் உண்டு. ஜெலி இல்லாமல் அரசன் இல்லை. சுந்தியாத்தா காவியத்தை நூற்றாண்டுகளாக வாய்மொழியில் காத்தவர்கள் அவர்களே. அரசனின் முன்னோரைப் புகழவும் அவனை எல்லோர் முன்னும் இடித்துரைக்கவும் உரிமை பெற்றவர்கள். மரியாதையும் இளக்காரமும் ஒரே ஆள்மேல் விழும். செனகலில் முன்பு கிரியோக்கள் இறந்தால் நிலத்தில் புதைக்க விட்டதில்லை. புதைத்தால் மண் மலடாகும், மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை. பாவோபாப் எனும் பெருக்கமரத்தின் பொந்துக்குள் உடலை வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போது ஊரின் வரலாறு முழுவதும் அந்த மனிதரின் நாவில் இருந்தது. இறந்த பிறகு ஊரின் மண்ணில் ஆறடி அவருக்கு இல்லை. சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் பிணத்தோடு நடுவழியில் நிற்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமாக ஒருவர் கதை. சலீஃப் கெய்தா, 1949இல் மாலியில் பிறந்தவர், அரச வம்சமான கெய்தா குடியினர். வெண்தோல் குறைபாட்டோடு பிறந்ததால் புறக்கணிப்பை அனுபவித்தவர். கெய்தா குடியினர் பாடக்கூடாது, பாடுவது ஜெலிகள் தொழில். அவர் மீறிப் பாடினார், குடும்பத்தின் எதிர்ப்பைச் சந்தித்தார், உலகப் புகழ் பெற்றார். அவருடைய துணிவை மதிக்கிறோம். ஆனால் சமூகவியலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து கீழே இறங்கி வந்தவரின் மீறல் உலகுக்குச் செய்தியாகிறது. ‘நான் பாட விரும்பவில்லை, என்னை விடுங்கள்’ என்று சொல்லும் ஜெலி வீட்டுப் பிள்ளையின் மீறல் அப்படிச் செய்தியாவதில்லை.

தடை செய்த இடத்தில் முளைத்தது

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவர்கள் மேளம் வைத்திருப்பதையும் தடை செய்தது. மேளம் ஆள் கூட்டும், சேதி சொல்லும் என்று ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது. டிரினிடாடிலும் 1881 கார்னிவலில் காவல்துறையோடு மக்கள் மோதிய பிறகு, ஆங்கில ஆட்சி மேளத்துக்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். பிறகு தகர டப்பா, பிஸ்கட் டின், கடைசியில் எண்ணெய் பீப்பாய். குப்பையில் கிடந்த பீப்பாயின் அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிக் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரத்தை எழுப்பினார்கள். ஸ்டீல்பேன் பிறந்தது.

தொடக்கத்தில் அதை வாசித்தவர்களைக் காலிகள் என்றது உயர்குடி. 1951இல் அவர்களில் சிலர் ஒரு குழுவாக லண்டன் சென்று பிரிட்டன் விழாவில் வாசித்தபின் பார்வை மாறத் தொடங்கியது. 1992இல் அது தேசிய இசைக்கருவி ஆனது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது.

அதே கரீபியப் பகுதியில் நமக்கு ஓர் உறவும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டு, மதராசிகள் என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியர்களின் வழிவந்தோர் கயானாவில் காளி, மாரியம்மன் வழிபாட்டில் இன்றும் ‘தப்பு’ அடிக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேச்சுமொழியாக இல்லை. தப்பு என்ற சொல் மட்டும் கடலைத் தாண்டி நிற்கிறது.

மேலே ஏற்றும்போது உதிர்வது

கொரியாவில் பான்சோரி பாடகர்கள் குவாங்தே எனப்படும் கடைநிலைக் கலைஞர் பிரிவிலிருந்து வந்தவர்கள். ஒரு பாடகர், ஒரு மேளக்காரர், பல மணி நேரக் கதை. சந்தையில் பாடப்பட்ட அதில் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்யும் பகுதிகள் நிறைய. 19ஆம் நூற்றாண்டில் யாங்பான் எனும் மேட்டுக்குடியினர் அதை ரசிக்கத் தொடங்கினர். அவர்கள் ரசனைக்கேற்ப மொழி செம்மையானது, கொச்சை குறைந்தது. பன்னிரண்டு கதைகளில் இன்று ஐந்தே முழுமையாகப் பாடப்படுகின்றன. 2003இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரத்தை நாம் குறைசொல்லவில்லை. ஏணியில் ஏற்றுபவர் கீழே எதை உதறச் சொல்கிறார் என்று கேட்கிறோம். சதிர் பரதநாட்டியமானபோது அதை ஆடிவந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

அதே கொரியாவில், பெக்ஜோங் எனப்படும் இறைச்சித் தொழில் மக்கள் 1923இல் ஜின்ஜு நகரில் ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறைச்சி நிறுக்கும் தராசைச் சமத்துவத்தின் பெயராக்கிக்கொண்டார்கள். இழிவாக்கப்பட்ட தொழிலின் கருவியையே கொடியாக்கும் துணிவு அது.

நம் பறைக்குத் திரும்புவோம்

வேப்பமரச் சட்டம், கன்றின் தோல், புளியங்கொட்டைப் பசை, தீயில் காய்ச்சிய சூடு, ஒரு கையில் சிண்டுக்குச்சி, மறுகையில் அடிக்குச்சி. இதில் எங்கே இழிவு இருக்கிறது? தோலில் இல்லை, ஓசையில் இல்லை. ‘நீதான் அடிக்க வேண்டும், அடிக்க மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமையில்லை’ என்ற கட்டளையில் இருக்கிறது. அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகார் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தது இதனால்தான். வதன் என்ற பெயரில் கிடைத்த துண்டு நிலமும் தானியமும் ஒரு சமூகத்தையே ஊருக்கு ஊழியக்காரர்களாகக் கட்டிப்போட்டிருந்தது. கூலியைக் கூட்டிக் கேட்பதோடு அவர் நிற்கவில்லை. கட்டையே அவிழ்க்கச் சொன்னார்.

ஆகவே, தோழர் பறையைக் கீழே வைத்தது சரி. அது கலையை மறுத்ததல்ல, ஊழியத்தை மறுத்தது. பிறகு எடுத்ததும் சரி, அப்போது அவரை அடிக்கச் சொல்ல ஊரில் யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. வைக்கும் உரிமை இருப்பவருக்கு மட்டுமே எடுப்பது கலையாகிறது. முதல் முடிவு இல்லையென்றால் இரண்டாவது முடிவு பழைய அடிமைத்தனத்துக்குப் புதுச் சட்டை மாட்டியதாகவே முடிந்திருக்கும்.

இன்று பறை கல்லூரி மேடையில் ஒலிக்கிறது, திரைப்படத்தில் ஒலிக்கிறது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். முனைவர் கே.ஏ. குணசேகரன் போன்றோர் மேடையில் நின்று திறந்த வழி இது. ஆனால் நகரத்து மேடையில் கைதட்டு வாங்கும் அதே வாரத்தில், ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெரியவரை ‘வந்து அடி’ என்று ஒருமையில் அழைக்கிறார்கள். மேடையில் அடிக்கும் மாணவரைப் பார்த்து யாரும் நீ என்ன சாதி என்று கேட்பதில்லை. அந்தப் பெரியவரிடம் கேட்கவே தேவையில்லை, தெரியும். இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தூரம் குறையாதவரை நம் வேலை முடியவில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஊரில் அடிக்க மறுக்கும் குடும்பத்துக்கு நெருக்கடி வரும்போது, மேடையில் அடிக்கும் குழுக்கள் முதலில் போய் நிற்க வேண்டும். நிகழ்ச்சி அழைப்பிதழில் அடிப்பவர் பெயரோடு பறை கட்டியவர் பெயரும் வர வேண்டும், பெயர் மேளத்துக்குள் ஒளிந்திருந்த காலம் போதும். கற்றுக்கொள்ள வரும் பிற சாதிப் பிள்ளைகளை வரவேற்போம். கூடவே, உங்கள் ஊர்ச் சாவில் யார் அடிக்கிறார்கள், எப்படி அழைக்கிறீர்கள், எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லியும் அனுப்புவோம். நம் பிள்ளை பறை வேண்டாம், கணினி போதும் என்றால் அதையும் மனதார ஏற்போம். மரபைக் காப்பது நம் பிள்ளைகள் தலையில் மட்டும் விழுந்த சுமை அல்ல.

தோழர் கடைசியாகக் கட்டிய பறை நம் மன்ற அறையில் தொங்குகிறது. இந்த உரைக்காக அதை இறக்கித் துடைத்தபோது, சட்டத்தின் உட்புறத்தில் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்தோம். அவர் பெயர் அல்ல. மாலைப் பள்ளிக்கு முதன்முதலாக வந்த ஏழு பிள்ளைகளின் பெயர்கள். அவர்களில் மூவர் இப்போது இந்த அரங்கில் இருக்கிறார்கள், ஒருவர் மட்டுமே இன்றும் பறை அடிக்கிறார். அதில் தோழருக்கு வருத்தம் இருந்திருக்காது என்றே நம்புகிறோம்.