‘விழுந்துட்டன்’ என்று சொல்லாதீர்கள்

சவளக்கடைப் பக்கம் காலையில் ஓடுகிற ஒருவரை மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே மனப்பாடம். நாலு பேர் கூடுவார்கள். தட்டியவர் ஊருக்குத் தெரிந்தவராகவோ தெரிந்தவரின் மருமகனாகவோ இருப்பார். “காக்கா, பொலிசுக்குப் போனா கோட்டு கச்சேரி எண்டு அலையணும். மருந்துச் செலவ நான் பாக்கிறன்” என்பார். கையில் கொஞ்சம் காசு வைப்பார். காயப்பட்டவர் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டு வீடு போவார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கும். மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அப்போது அந்தத் தொலைபேசி எண் வேலை செய்யாது.

இது ஒருவருக்கு நேர்ந்த கதை அல்ல. திரும்பத் திரும்ப, அதே வரிசையில், அதே வசனங்களோடு நடக்கிறது.

கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனைப் பக்கத்திலிருந்து சுபஹு தொழுகை முடிந்த கையோடு ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் புறப்படுகிறவர்கள் பலர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள், சீனி வருத்தத்துக்கு டொக்டர் சொன்னதற்காக நடக்கத் தொடங்கிப் பிறகு ஓடப் பழகியவர்கள். கொழும்பு–மட்டக்களப்பு ஏ4 வீதியில் பஸ்ஸும் லொறியும் விடாது என்பதால் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, வயல் நடுவே சவளக்கடை, நாவிதன்வெளி என்று போய்த் திரும்புவது அவர்களுக்குப் பிடித்த பாதை. காற்று உண்டு, சனம் குறைவு. ஆனால் வெளிச்சமும் குறைவு. பின்விளக்கே இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் இருட்டோடு வயலுக்குப் போகும். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். மாரியில் கிட்டங்கியின் மேலால் தண்ணீர் பாயும். அந்த நாட்களில் அங்கே ஓடப் போகவே கூடாது. முழங்கால் அளவுதானே என்று இறங்குவது வீரம் இல்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் மத்ரஸாப் பிள்ளைகள் சென்ற உழவு இயந்திரத்தையே இழுத்துப்போனதை இந்தக் கரையோரம் மறந்திருக்க முடியாது.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் போகிறது. ஆகவே நடைபாதை இல்லாத வீதியில் ஓடுகிறவர் வலப்பக்கம், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும். சைக்கிள் மட்டுமே இடப்பக்கம். இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம். விபத்து நடந்தபின் “பிழையான பக்கம் வந்தவர்” என்ற ஒரு வரி அவர்களுக்கே எதிராக நிற்கும்.

இனி, தட்டுப்பட்டால் என்ன செய்வது?

முதலில் 1990. சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். எலும்பு முறிந்திருக்கலாம் என்றால் ஓட்டோவில் மடித்து ஏற்ற வேண்டாம். பொலிசுக்கு 119. அம்பியூலன்ஸ் வரும்வரை ஒருவர் தொலைபேசியில் படம் எடுக்கட்டும்: வாகன இலக்கம், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதிச் சான்றிதழும், சைக்கிள் விழுந்து கிடக்கும் இடம், வீதியில் பிரேக் இழுத்த தடம், உடைந்த விளக்குத் துண்டுகள். வீதியைத் துப்புரவாக்குகிறோம் என்று அந்தத் துண்டுகளைக் கூட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு. தள்ளாதீர்கள். நூறு வயதில் டொராண்டோ மரதனை ஓடி முடித்த பௌஜா சிங்கை 2025 ஜூலை 14 அன்று பஞ்சாபில் அவரது ஊருக்கு அருகே ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அந்த இடத்தில் கிடந்த முன்விளக்குத் துண்டுகளும் கமராப் பதிவுகளும் சேர்ந்து பொலிசைக் காரிடம் கொண்டுசேர்த்தன. மறுநாள் இரவே ஓட்டியவர் கைதானார்.

ஓட்டக்காரர்களின் கையில் கட்டியிருக்கும் ஜீபிஎஸ் கடிகாரமும் சாட்சிதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன வேகத்தில் வந்தீர்கள், எங்கே நின்றுபோனீர்கள் என்பது அதில் இருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காதீர்கள், வெட்டிச் சுருக்காதீர்கள்.

அடுத்தது வைத்தியசாலை. காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பலர் நேரே எலும்பு முறிவு நாட்டு வைத்தியரிடம் போய்விடுகிறார்கள். அங்கே பத்துப் போட்டுக் கட்டுவார்கள். அந்தக் கட்டை எந்த நீதிமன்றமும் பார்க்காது. முதலில் அரசாங்க வைத்தியசாலை: கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை ஆதார வைத்தியசாலை, சம்மாந்துறை என்று எது கிட்டவோ அது. எக்ஸ்ரே எடுத்து, பதிவும் முடிந்த பிறகு விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் அங்கே ஒரு பொய் சொல்கிறார்கள். “என்ன நடந்தது?” என்று டொக்டர் கேட்கும்போது, தட்டியவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற தாட்சண்யத்தில், “சைக்கிள்ள இருந்து விழுந்துட்டன்” என்கிறார்கள். அதை டொக்டர் கட்டில் அட்டையில் அப்படியே எழுதுகிறார். ஒரே வரி. பொலிசும் காப்புறுதி நிறுவனமும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். பிறகு ஆயிரம் சாட்சி கொண்டுவந்தாலும், அன்றைக்கு நீங்களே சொன்னதைவிட அது பலமாக நிற்காது. தாட்சண்யம் வேண்டுமானால் வேறு இடத்தில் காட்டுங்கள். டொக்டரிடம் சொல்ல வேண்டியது: வாகனம் மோதியது, எந்த வாகனம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்.

வைத்தியசாலையில் உள்ள பொலிஸ் காவலரண் மூலமோ, இடத்துக்குரிய பொலிஸ் நிலையம் மூலமோ சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படிவம் இருந்தால்தான் சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். படிவம் தானாக வரும் என்று படுத்திருக்காதீர்கள். கேளுங்கள். வெளியேறும்போது தரும் நோய் விபர அட்டை, மருந்துத் துண்டுகள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள்.

சவளக்கடைப் பொலிஸ் எல்லைக்குள் நடந்தால் முறைப்பாடு அங்கே. “சின்ன விஷயம்தானே, பேசித் தீருங்க” என்று மேசையில் இருப்பவர் சொல்லக்கூடும். காயம் சின்னதா பெரிதா என்று முடிவுசெய்வது அவர் வேலை இல்லை, டொக்டரின் வேலை. தண்டனைச் சட்டக்கோவைப்படி எலும்பு முறிவு கடுங்காயம். மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்தால் ஓட்டுநர் நிற்க வேண்டும், விபரம் தர வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் அது. இன்னும் அது தெரியாததுபோல் நடக்கும் அதிகாரிகளைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

மொழிதான் அடுத்த சிக்கல். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, “கையெழுத்து வைங்க” என்று நீட்டினால் வைக்காதீர்கள். குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை (1979 இன் 15 ஆம் இலக்கம்) 109 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாயால் சொல்லும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். நேரம், இடம், வாகன இலக்கம், சாட்சிகள், காயம். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிய அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தால், பொறுப்பதிகாரியிடம், பிறகு கல்முனையில் உள்ள மேலதிகாரிகளிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. அதன் உடனடி அழைப்பு எண் 1996.

சரி, காசு எங்கிருந்து வரும்? நீதவான் நீதிமன்றத்தில் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் தங்கள் நட்டஈடு தானாக வந்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். தண்டம் அரசுக்குப் போகும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதிக்கு வர முடியாது என்பதே, வீதியில் போகிற உங்களுக்காகத்தான். காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். பேச்சில் முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. வழக்குப் போடும்போதே காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தல் போகிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கெடு இரண்டு ஆண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், காயத்துக்கும் நட்டத்துக்குமான வழக்குக்கு வைத்த எல்லை அது. நீதவான் நீதிமன்ற வழக்கு இழுபடுகிறதே, முடியட்டும் என்று காத்திருந்தாலும் இந்தக் கெடு நிற்காது. மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: இரண்டு ஆண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

வீதியோரத்தில் காசு வாங்கிக்கொண்டு “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து. இணங்கிப்போக விருப்பம் என்றால், காயம் என்னவென்று முழுதாகத் தெரிந்த பிறகு மத்தியஸ்த சபையில் இணங்குங்கள். அங்கே முடிந்ததற்குச் சான்றிதழ் தருவார்கள். 

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாமல் போனால்? “ஆளே தெரியாதே, முறைப்பாடு எதுக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் மோதிவிட்டு ஓடிய வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 2 இலட்சம் இந்திய ரூபாயும், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தருகிறார்கள். இங்கேயும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தோடு கேட்பார்கள்: பொலிஸ் அறிக்கை, வைத்திய அறிக்கை. கட்டில் அட்டையில் ‘விழுந்தார்’ என்று இருந்தால் அந்தக் கதவும் அடைபடும்.

சவளக்கடையிலிருந்து கல்முனை வரை ஓடுகிற, மிதிக்கிற ஒவ்வொரு குழுவும் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழுவின் வட்ஸ்அப்பில் 1990, 119, 1996 என்ற மூன்று எண்களையும், ஒவ்வொருவரின் இரத்தப் பிரிவையும், வீட்டார் எண்ணையும் மேலே ஒட்டி வையுங்கள். தனியே போகிறவர்கள் அடையாள அட்டைப் பிரதியின் பின்புறத்தில் அவற்றை எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் மை கரையும்.