புது டேங்க் கட்டினால் டீசல் மீட்டர் பொய் சொல்லலாம்!

நடவுக்குச் சேறு கலக்கும்போது டிராக்டர் திடீரென நின்றுவிடுகிறது. மீட்டரில் முள் கால் டேங்க் காட்டுகிறது. உள்ளே டீசல் இல்லை. வாங்கி வந்து ஊற்றினாலும் உடனே கிளம்பாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுத்தால்தான் ஓடும். டேங்கின் அடியில் கிடந்த துருவும் தண்ணீரும் ஃபில்டருக்கு வந்திருக்கும். இதனால் அரை நாள் வேலை கெட்டுவிடும்.

துருப்பிடித்த டேங்கைக் கழற்றிவிட்டு, வெல்டிங் பட்டறையில் புதிதாகக் கட்டிய பழைய டிராக்டர்களில் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். டேங்கை அளவு பார்த்துக் கட்டுகிறோம். அதற்குள் போகும் டேங்க் யூனிட்டை மட்டும் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறோம்.

மீட்டரும் யூனிட்டும் ஜோடி

டேங்க் யூனிட்டில் உள்ள மிதவை ஏறி இறங்கும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் டேஷ்போர்டு மீட்டர் அளவாகக் காட்டுகிறது. இந்த மின்தடை எல்லா யூனிட்டிலும் ஒன்றல்ல. ஒரு வகையில் டேங்க் காலியாக இருந்தால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். இன்னொரு வகையில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். முதல் வகை மீட்டருக்கு இரண்டாம் வகை யூனிட்டை மாட்டினால், டேங்க் காலியாகும்போது முள் நிறைவைக் காட்டும்!

எனவே பழைய யூனிட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதைக் கழற்றித் துடைத்து, மிதவையைக் கீழே விட்டு ஒரு முறை, மேலே தூக்கி ஒரு முறை மல்டிமீட்டரில் ஓம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள யூனிட்டையே கடையில் கேட்டு வாங்குங்கள். பழையது அறுந்து போயிருந்தால், மீட்டரையும் யூனிட்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. பேட்டரி வயரை நேரடியாக யூனிட்டில் தொட்டுச் சோதிக்கக் கூடாது. யூனிட் கருகும், தீப்பொறியும் வரலாம்.

எந்த வகை வாங்கலாம்?

கை போன்ற கம்பியில் மிதவை ஆடும் வகை விலை குறைவு. உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். ஆனால் கை ஆடுவதற்கு உள்ளே இடம் வேண்டும். குறுகலான, ஆழமான டேங்குக்குக் குழாய் வகை பொருந்தும். இதில் மிதவை குழாயை ஒட்டி நேராக ஏறி இறங்கும். டேங்கின் உள் ஆழத்தைவிடச் சுமார் ஓர் அங்குலம் குறைவான நீளத்தில் வாங்க வேண்டும். மிதவை இல்லாத கெப்பாசிட்டிவ் சென்சாரும் உண்டு. ஆனால் டீசலில் தண்ணீர் கலந்தால் இதன் அளவு தவறும்.

பொருத்தும்போது

யூனிட்டை டேங்கின் நடுப்பகுதியில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் வரப்பு ஏறும்போதும் சரிவில் நிற்கும்போதும் முள் தாறுமாறாக ஆடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் யூனிட்டுக்குத் தனியாக எர்த் வயர் கொடுக்க வேண்டும். யூனிட்டுக்கான துளையை டேங்க் கட்டும்போதே வைத்துவிடுங்கள். டீசல் இருந்த டேங்கில் பிறகு வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து. காலி டேங்கிலும் ஆவி தங்கியிருந்து வெடிக்கலாம். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து கசடாகி ஃபில்டரை அடைக்கும்.

அளந்து ஊற்றுங்கள்

சமமான தரையில் வண்டியை நிறுத்தி, காலி டேங்கில் 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். படுக்கை வாக்கில் வைத்த 100 லிட்டர் உருளை டேங்கில் கால் உயரத்துக்கு டீசல் இருந்தால் 25 லிட்டர் அல்ல, சுமார் 20 லிட்டர்தான். பத்தில் ஒரு பங்கு உயரம் என்றால் 5 லிட்டர்தான். அடிப்பகுதி குறுகுவதால் கடைசிக் கால் பங்கு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும்.

இப்படிக் குறித்த அட்டையை டிரைவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். முள் கால் அளவைத் தொட்டதும் டீசல் ஊற்றிவிட்டால், நடு வயலில் ஏர் எடுக்கும் வேலை இருக்காது.