தாத்தா காசா, பேரன் காசா?

பிராங்கிய வெள்ளிக் காசுகளில் என்னைத் தலைசுற்ற வைப்பது கரோலஸ் முத்திரைதான். ஒரு சிலுவை, நான்கு முனைகளில் கே, ஆர், எல், எஸ், உயிரெழுத்துகள் மூன்றும் நடுவிலுள்ள சாய்சதுரத்துக்குள். அரசன் முகம் கிடையாது, பெயரே படம்! 793-94 வாக்கில் சார்லமேன் காசின் எடையைச் சுமார் 1.3 கிராமிலிருந்து 1.7 கிராமாகக் கூட்டியபோது வந்தது இது.

சிக்கல் என்னன்னா, பேரன் பேரும் சார்லஸ். 864இல் பீத்ர் ஆணையில் அவனும் அதே முத்திரையைப் போடச் சொல்லிவிட்டான். சுற்றிலும் 'கடவுள் அருளால் அரசன்' என்று லத்தீனில் இருந்தால் தாத்தாவுடையது அல்ல, பிழைத்தோம். ஆனால் வெள்ளிச் சுரங்க ஊரான மெல்லில் அடித்தவற்றில் வெறும் 'கார்லஸ், பிராங்கியரின் அரசன்'தான். புதையலில் கூடக் கிடந்த காசுகளை வைத்துத்தான் யாருடையது என்று யோசிக்கணும். தனிக்காசாக வந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.