மார்பில் கட்டி... எந்த டாக்டரிடம் காட்டுவது?

நிலக்கடலைப் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஓர் அம்மா மட்டும் தயங்கி நின்றார். “மேடம், மார்புல சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்ல. பிரசவம் பார்த்த டாக்டரம்மாகிட்டதானே காட்டணும்?”

வலி இல்லை என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மகப்பேறு டாக்டரிடம் காட்டுவதில் தவறில்லை. ஆனால், மார்பகக் கட்டியைப் பார்ப்பது அறுவை சிகிச்சைப் பிரிவு. அரசு மருத்துவமனையில் ஓ.பி சீட்டு வாங்கும்போதே ‘சர்ஜரி’ என்று கேளுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அங்கே கையால் சோதிப்பார்கள். ஸ்கேன் அல்லது மேமோகிராம் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி மூலம் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள் (நோய் கண்ட இலையை நாம் அனுப்புகிறோமே, அதுபோலத்தான்). ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது வீண் பயம். பெரும்பாலான கட்டிகள் சாதாரணக் கட்டிகளே. புற்றுநோய் என்று உறுதியானால், அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு என மூன்று பிரிவுப் புற்றுநோய் நிபுணர்களும் கலந்து முடிவெடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

“கடலை பிடுங்கிட்டுப் போறேன் மேடம்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை மகளோடு போய்க் காட்டியிருக்கிறார். ஊசிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.